நாலு நிமிடம் பதினொரு செக்கன்

முப்பத்தொரு விடைத்தாள்.
பத்தொன்பதில் மின்னோட்டத்தின் அம்புக்குறி
காந்தத்துக்குத் துணையாகப் போகிறது.

பார்த்து எழுதவில்லை.
வீரமுனையில் பிரதாயினி, இறக்காமத்தில் நிப்றாஸ்,
மல்வத்தையில் கோமதன்,
அவரவர் வீட்டில், அவரவர் டேட்டாவில்
ஒரே பிழையைத் தனித்தனியாகப் படித்து
அடியில் கோடும் போட்டிருக்கிறார்கள்.

சிவப்புப் பேனையை மூடினேன்.
என் வீடியோவைத் திறந்தேன்.

சம்மாந்துறையில், எங்கள் சமையலறை மேசையில் எடுத்தது.
பிவிசி குழாயில் நான் சுற்றிய செப்புக் கம்பி.
பழுதான ஸ்பீக்கரை உடைத்துக் கழற்றிய காந்தம்.
தொழில்நுட்பக் கல்லூரியில் கையெழுத்துப் போட்டு
இரவலாகக் கொண்டுவந்த கல்வனோமானி.
போனைத் தாங்கி நின்றது சீனிப் போத்தல்.
மகள் பின்நேரத் தூக்கத்தில் இருக்க
மின்விசிறியை நிறுத்திவிட்டு
மூன்று முறை பிழைத்து
நாலாவதை ஏற்றினேன்.

யார் எங்கே எத்தனை தரம் பார்த்தார்கள் என்று
அடியில் ஒரு கோடு வரைந்து காட்டும்.
அறுவடை முடிந்த வயல்போல் தட்டையாய் வந்து
நாலு நிமிடம் பதினொரு செக்கனில்
திடீரென்று ஒரு மலை.
அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்,
பின்னுக்கு இழுத்திருக்கிறார்கள்,
மறுபடி, மறுபடி.
போன கிழமை அந்த மலையைக் கண்டு
நான் சந்தோஷப்பட்டேன்.
கணவருக்கும் காட்டினேன்.

"தூண்டப்படும் மின்னோட்டம்
தன்னை உண்டாக்கிய மாற்றத்தை"
என்கிறது என் குரல்.
ஜன்னலுக்கு வெளியே பாண் ஓட்டோ திரும்புகிறது,
பற்றரி இறங்கிச் சுருதி கெட்ட அதே மெட்டு.
என் வாய் திறக்கிறது, மூடுகிறது.
"கும்" மட்டும் வெளியே வருகிறது.

தானாக எழுத்து ஓடும் கீழ்வரியில்
அடைப்புக்குறி போட்டு, மிக நேர்மையாக:
இசை.

எதிர்.
லென்சின் விதி முழுவதும்
அந்த மூன்று எழுத்தில் தொங்குகிறது.
மாலுபாணும் கிம்புலா பணிஸும் ஏற்றிய
மூன்று சில்லு அதைத் தின்றுவிட்டது.

மிச்சத்தைப் பிள்ளைகள் நிரப்பியிருக்கிறார்கள்.
ஆதரிக்கும்.
அதிகரிக்கும்.
சஜ்லான் எழுதியது: வரவேற்கும்.
அவனுக்கு அரைப் புள்ளி போடலாமா என்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.

ஏன் ஒருத்தரும் கேட்கவில்லை என்று
இரவு குழுவில் கேட்டேன்.
என்ட போன்தான் பழுது எண்டு நினைச்சன் மிஸ்.
டேட்டா முடியப் போகுதாக்கும் எண்டு விட்டுட்டன்.
கோமதன் குரலில் அனுப்பினான், பின்னால் தவளைச் சத்தம்:
"வகுப்பெண்டா கையை உயர்த்தலாம் மிஸ்.
வீடியோவுக்குக் கையை உயர்த்தி என்ன செய்யிற?"

சரியாக எழுதிய பன்னிரண்டு பேரில்
பதினொரு பேரிடம் பழைய பாடக்குறிப்பு இருந்தது.
முனாஸிக்கிடம் அதுவும் இல்லை.
அரிசி ஆலையில் இரவு வேலை அவனுக்கு,
அந்த இரைச்சலில் எதுவும் கேளாது என்று
ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்திருக்கிறான்.
"கம்பி எந்தப் பக்கமாச் சுத்தியிருக்கெண்டு பார்த்தன்,
முள் எந்தப் பக்கம் போகுதெண்டு பார்த்தன்.
அது எதிர்க்குது மிஸ்."

அந்தக் கேள்வியை ரத்துச் செய்தேன்.
முனாஸிக் கோபித்துக்கொண்டான்.
ஆறு புள்ளி. நியாயமான கோபம்.

ஞாயிறன்று திரும்ப எடுத்தேன்.
ஜன்னலைச் சாத்தவில்லை.
காந்தத்தைக் கொண்டுபோனேன்,
அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு
முள்ளை மட்டும் எட்டு செக்கன் ஆட விட்டேன்.
பிறகுதான் சொல்லைச் சொன்னேன், இரண்டு தரம்.

செவ்வாய்க்கிழமை பார்த்தால்
கோட்டில் அதே இடத்தில் மறுபடி ஒரு சின்ன மேடு.

கணவரைக் கூப்பிடவில்லை.
கோமதனுக்கு அழைப்பெடுத்தேன்.