அரை மணி

மெர்சிடிஸ் கியோவின் வீட்டில் நான்கு கேமராக்கள்,
நான்கு மணி.
வாசல் காலை பத்து நாற்பது என்கிறது.
கொட்டகை, பத்து பத்து.
பின்கதவு பத்து நாற்பத்தொன்பதில் ஓடிக்கொண்டிருக்கிறது.
கார் நிற்கும் இடத்தில் உள்ளதற்கோ
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று:
நேற்றிரவு மின்சாரம் போய் வந்ததில்
மறுபடி பிறந்திருக்கிறது.

"எது சரி?" என்றாள்.
சட்டைக் கையை விலக்கிக் கடிகாரத்தைக் காட்டினேன்.
"அதைச் சரி என்றது யார்?"
இருபது வருடத் தொழிலில்
இதைக் கேட்ட முதல் ஆள்.

போனவிஸ்டாவில் ஏப்ரல்.
பனி வடிந்து, ஒட்டுப்போட்ட வேலி
வெளியே தெரிகிறது, பழைய பலகை சாம்பல், புதியது மஞ்சள்.
வளைகுடா வாயில் ஒரு பனிப்பாறை,
எவருக்கும் பதில் சொல்ல வேண்டாத நிற்பு.

ஏணி. திருப்புளி. மடிக்கணினி.
எழுபதில் பிறந்ததன் பொத்தான் பேட்டரி செத்திருந்தது, மாற்றினேன்.
பின்கதவு நாளுக்கு ஏழு விநாடி முந்தியிருந்தது.
மணி கேட்கப் போகும் வழியில்
நூற்றிருபத்துமூன்றாம் கதவை ரூட்டர் சாத்தி வைத்திருக்க,
எழுபத்தேழு நாளாகத் தன்னையே கேட்டுத்
தனக்கே ஆமாம் போட்டிருக்கிறது.
திறந்துவிட்டேன்.
கேள்வி போனது, பதில் வந்தது.
வழியில் கழிந்ததைப் பாதியாக்கிப்
பதிலோடு கூட்டிக்கொண்டது கேமரா.
வரும் பதில் எதுவும் கொஞ்சம் பழசுதான்.

கொட்டகைதான் இழுத்தடித்தது.
சர்வரைத் தொடுகிறது, விநாடி சுத்தம்,
ஆனாலும் அரை மணி பின்னால்.
நேர மண்டலப் பட்டியலை உருட்டினேன்.
முழு மணிகளால் ஆன உலகம்.
ஹாலிஃபாக்ஸ் உண்டு. அசோர்ஸ் உண்டு.
மூன்றரைக்காரர்களான நாங்கள்
இல்லை.
மாட்டியவர் பக்கத்தில் இருந்ததைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"பழைய பதிவு ஏதாவது இருக்கிறதா," என்றேன், சும்மா,
ஒப்பிட்டுப் பார்க்க.
ஒன்றைத்தான் அவள் அழிக்காமல் வைத்திருந்தாள்.

பிப்ரவரி பதினொன்று. கொட்டகை, 3:40.
வெள்ளையாய் ஒரு வீச்சு, வேலி சாய்கிறது,
அவ்வளவுதான் படம்.
வாசல், 3:40.
எதிர்வீட்டு லியாண்டரின் டிரக்,
மீன் ஆலை ஷிப்ட் முடிந்து, வழுக்கியபடி வருகிறது.
"நான் இல்லை," என்றானாம்.
படத்தைக் காட்டினாளாம்.
பனி வாரும் வண்டி ஓட்டும் அம்புரோஸ்
நகராட்சி ஏட்டை விரித்திருக்கிறார்:
இந்தத் தெருவுக்கு நான் வந்ததே நாலு பத்துக்கு.
ஏடு பொய்யில்லை.
பையன் வேலிக்குப் பணம் கொடுத்துவிட்டு
இந்தப் பக்கம் தலை திருப்புவதை நிறுத்திவிட்டான்.

வாசல் கேமராவின் நாலு பத்தை
யாரும் பார்க்கவில்லை. எதற்குப் பார்ப்பார்கள்,
மூன்று நாற்பதிலேயே ஆள் கிடைத்துவிட்டானே.

இரண்டையும் பக்கம் பக்கமாக ஓட்டினேன்.
கொட்டகைச் சுவரில் ஆரஞ்சு வெளிச்சம்
மூன்று சுற்று சுற்றி, ஒரு கணம் நின்று, மறுபடி.
வாசலில், நாலு பத்துக்கு,
அதே ஆரஞ்சு, அதே மூன்று, அதே நிறுத்தம்.

கெட்டில் கத்திக் கத்தி அடங்கியது.
"பழசில் மணியை மாற்ற முடியாதா?"
"எண் படத்தோடு சேர்ந்து பதிந்துவிட்டது.
இனி வருவது சரியாக வரும்."
"இனி வருவது," என்றாள்.

ஃபர்ம்வேரைப் புதுப்பித்ததும்
பட்டியலில் செயின்ட் ஜான்ஸ் முளைத்தது.
ஹால் மூலையில் சின்னப் பெட்டி ஒன்று வைத்தேன்:
அது வெளியே கேட்கும், நான்கும் அதைக் கேட்கும்.
ரசீதில் இரண்டரை மணி நேரம் என்று எழுதினேன்.
அந்த அரையை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

வண்டியைக் கிளப்பும் முன்
கைபேசியில் கடைசியாக ஒரு சோதனை.
கொட்டகை, 1:22:05:
மெர்சிடிஸ், கோட்டுப் பொத்தான் போடாமல், கையில் காசோலைப் புத்தகம்.
வாசல், 1:22:31:
தெருவைக் கடக்கிறாள்.
நேற்றென்றால் இந்த முப்பதடிக்கு
அரை மணி ஆகியிருக்கும்.

எதிர்வீட்டுக் கதவு வரை
கேமரா எட்டாது.