நாற்பத்தேழாவது கேள்வி

ஆள்சேர்ப்பில் தேறியவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்
காரைக்குடிக் கல்லூரி மைதானத்துக் கொட்டகையில்
சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.
ஆளுக்கொரு பென்சில், ஆளுக்கொரு தாள்,
நூற்றிருபது கேள்விகள்.
கொப்புடையம்மன் கோயில் ஒலிபெருக்கி
என் குரலில் பாதியைத் தின்றது.

பிடித்திருந்தால் முதல் வட்டம்.
பிடிக்காவிட்டால் இரண்டாவது.
சொல்லத் தெரியாவிட்டால் மூன்றாவது.
சரி, தவறு கிடையாது என்று மூன்று முறை சொன்னேன்.
ஒருவரும் நம்பவில்லை.
அத்தனை தூரம் ஓடவிட்டு, நெஞ்சளந்து,
பல்லை எண்ணிப் பார்த்தபின்
பிடிக்குமா என்று கேட்டால்
அதிலொரு பொறி இல்லாமலா இருக்கும்?

"எனக்குப் பிடிச்சதா மேடம், வீட்டுக்குப் பிடிச்சதா?"
புதுவயல்காரன் ஒருவன் கேட்டான்.
கையேட்டைப் புரட்டினேன்.
அதற்குப் பதில் அச்சிட்டிருக்கவில்லை.

பள்ளத்தூர் அடைக்கலம்
பாத்திரம் கழுவுவதிலிருந்து பாலம் கட்டுவதுவரை
நூற்றிருபதுக்கும் பிடிக்கும் என்றே போட்டிருந்தான்.
நம்பத்தகாத விடைத்தாள், நீக்குக என்கிறது கையேடு.
போன வருடம் அவனை
அரை சென்டிமீட்டருக்காகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

பழுதான மோட்டாரைப் பிரிப்பது.
பேரேடு எழுதுவது.
காயத்துக்குக் கட்டுப் போடுவது.
நாற்பத்தேழு:
இரவில் ஓரிடத்தைக் காவல் காப்பது.

மூன்று வருடம் கழித்து ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறேன்.
அன்று நிரப்பிய வட்டம்
இன்றைய பணித் திருப்தியைச் சொல்லுமா
என்பது என் ஆராய்ச்சி.
எங்கள் பக்கம் திருப்தி என்பது பந்திச் சொல்,
இலையை மடிக்கும்போது கேட்பது.
பாதிப் பேர் சாப்பாட்டைத்தான் சொன்னார்கள்.
"சப்பாத்திதான் மேடம். பழகிருச்சு."
ஒன்றிலிருந்து ஐந்துக்குள்
எந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது
பழகிருச்சு?

சேவுகன், கானாடுகாத்தான்.
எங்கோ பனிக்கு நடுவிலிருந்து
சிக்னல் விட்டுவிட்டு வந்தது.
பின்னால் யாரோ இந்தியில் சிரித்தார்கள்.
நாலு, நாலு, நாலு என்று சொல்லிக்கொண்டே போனான்,
ரேஷன் கடையில் கார்டு நம்பர் ஒப்பிப்பதுபோல.
வைக்கப் போகும்போது,
"மேடம், அன்னைக்குப் போட்டதுல ஒண்ண மாத்தலாமா?
நாப்பத்தேழு."
முடியாது, கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று என்றேன்.
"பரவால்ல மேடம், சும்மாதான் கேட்டேன்.
எங்கப்பா வாட்ச்மேன்.
பூட்டுன வீடு. ஓனருங்க கோலாலம்பூர்ல.
பதினேழு வருசமா உள்ள ஆளே இல்ல.
ஆனாலும் ராத்திரிக்கு மூணு தடவ
சுத்தி வருவாரு."
அதற்குமேல் இரைச்சல்தான்.

பீரோவில் அவன் தாளைத் தேடி எடுத்தேன்.
நாற்பத்தேழில் முதல் வட்டம் கறுப்பாக, அழுத்தமாக.
இரண்டாவதில் ரப்பர் தேய்த்த தடம்.
விளக்குக்கு நேரே பிடித்தால்
அங்கே மட்டும் காகிதம் மெலிந்து
வெளிச்சம் கசிகிறது.
இயந்திரம் அதை வெற்று வட்டம் என்று படித்திருக்கிறது.

கணிப்பு நாலு.
அவன் சொன்னதும் நாலு.
பேராசிரியர் சந்தோஷப்படுவார்.