பன்னிரண்டு பைன் துண்டுகள்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது
பால்டிக் கடலுக்குப் பொருந்தாது.
உப்புச்சப்பில்லாத இந்தத் தண்ணீரில்தான்
முந்நூறு வருடமாய்
மரம் மரமாகவே இருக்கிறது.

போர்ன்ஹோம் தீவுக்குக் கிழக்கே
இருபத்தொரு மீட்டர் ஆழத்தில்
தானியம் ஏற்றிவந்த கப்பல் ஒன்று
ஒருக்களித்துப் படுத்திருக்கிறது.
பெயர் தெரியாது. பதிவேட்டில் வெறும் நாற்பத்தேழு.
ஏராவில் தச்சனின் கோடாலித் தழும்பு,
நேற்று வெட்டியதுபோல் விளிம்பு கூராக.
வெண்ணெய்ப் பீப்பாய் உண்டு, மூடி திறக்காமல்.
இடதுகால் செருப்பு ஒன்று.
காம்பில் குறுக்குக் கீறல் போட்ட மரக்கரண்டி:
எழுதத் தெரியாத யாரோ
இது என்னுடையது என்று சொன்னது.

சோல்வை அதைத் தொட்டதில்லை.
நவம்பர்தோறும் முங்கிப்போய்
அணியத்தருகே கயிற்றில் தொங்கும்
பன்னிரண்டு பைன் துண்டுகளை அவிழ்த்துக்கொண்டு
புதிதாய்ப் பன்னிரண்டு கட்டிவிட்டு வருவாள்.
புழு வந்துவிட்டதா என்று பார்க்க.
ஒன்பது வருடம். நூற்றெட்டுத் துண்டு.
ஒன்றிலும் ஓட்டையில்லை.
வராத விருந்தாளிக்கு
வருடம் தவறாமல் தட்டு வைக்கிறாய்
என்பான் படகுக்கார எஸ்கில்.

புழு என்பது பெயருக்குத்தான்.
சிப்பிக்கு ஒன்றுவிட்ட தம்பி அது.
ஓடு இரண்டையும் அரம்போல் தலையில் மாட்டிக்கொண்டு
மரம் தின்னக் கிளம்பிவிட்டது.
குண்டூசி முனையளவு வாசல்,
உள்ளே விரல் பருமனில் கூடம்,
சுவரெங்கும் சுண்ணாம்புப் பூச்சு.
வெளியே நின்று பார்க்கிறவனுக்குக்
கப்பல் கப்பலாகவே தெரியும்,
கைவைக்கும் நாள்வரை.

போன குளிர்காலம்
மேற்கிலிருந்து பதினெட்டு நாள் புயல்.
வடகடல், ஜலசந்தி தாண்டி உள்ளே வந்து
அடியில் கனத்துப் படுத்தது.
மீன் கணக்கு எடுப்பவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.
காட் மீன் முட்டை பொரிக்க இந்த உப்பு வேண்டும்;
பத்து வருடம் காத்திருந்தது இதற்குத்தான்.
எஸ்கில் பரண்மேல் கிடந்த வலையை இறக்கி
முடிச்சு முடிச்சாய்ப் பார்த்தான்.

ஏழாவது துண்டு.
படகில் வைத்துத் துடைக்கும்போதே பார்த்துவிட்டாள்.
நகத்தால் சுரண்டினாள்,
மணலாக இருக்கட்டும் என்று.
போகவில்லை.
"மரம் எப்படி?" என்றான் சுக்கானிலிருந்து.
"நனைந்திருக்கிறது" என்றாள்.
சிரித்தான்.
அவளுக்கும் சேர்த்துக் காப்பி ஊற்றினான்.

தீவின் ஆஸ்பத்திரியில்
கை முறிந்த பையனுக்கும்
இடுப்பு நொந்த பாதிரியாருக்கும் நடுவே
எக்ஸ்ரே மேசையில் துண்டைக் கிடத்தினாள் யூட்டே.
படிவம் பெயர் கேட்டது; பைன்.
வயது; ஒன்று.
என்ன உபாதை என்ற இடத்தில்
பேனா நின்றது.

படத்தில் ஒன்றல்ல, நான்கு.
ஒவ்வொரு வெள்ளைக் கோடும்
அடுத்ததை நெருங்கும் இடத்தில்
வளைந்து விலகிப் போயிருந்தது.
பக்கத்துச் சுவரை இடிப்பதில்லை அவை.
கண்ணில்லை, வெளிச்சமில்லை,
எப்படியோ தெரிகிறது.
சோல்வை வெகுநேரம் அதையே பார்த்தாள்.
கோபப்பட வந்தவள்,
வாய்க்கவில்லை.

மார்ச்சில் மணல் மூட்டை இறங்கும்.
நாற்பத்தேழின்மேல் துணி போர்த்தி
மணல் கொட்டி மூடிவிடுவார்கள்.
காற்றுப் புகாத இடத்தில் புழு பிழைக்காது.
எண்ணூறு மூட்டை, எஸ்கிலின் படகில்,
நடைக்கு நாற்பது.
கூலி பேசியாயிற்று.
அந்த விலா எலும்புகளுக்கு நடுவில்தான்
மீன் வந்து அடையும் என்பது
அவனுக்கும் தெரியும்.

"கரண்டியையாவது எடுத்துவிடலாமே" என்றான்.
அவள் பேசவில்லை.
புதிய பன்னிரண்டு துண்டுகளுக்குக்
கயிறு அளந்துகொண்டிருந்தாள்.