பதினேழாம் எண் தகடு

முட்டையின் வெள்ளைக்கரு காகிதத்துக்கு,
மஞ்சள் எங்களுக்கு.
யோகோஹாமாவில் இந்தக் கடையில் சேர்ந்த முதல் மாதம்
மூன்று வேளையும் மஞ்சள்கரு தின்றேன்.
அடுத்த மாதம் வாடைக்கே குமட்டியது.

நான் சாயம் பூசுகிறவன்.
மெல்லிய தூரிகை ஒன்று, எட்டுக் கிண்ணம்.
கப்பலில் வந்திறங்குகிறவர்களுக்கு
வெறும் பழுப்பில் எங்கள் நாடு பிடிப்பதில்லை.

பதினேழாம் எண் தகடு நடவு.
தொத்சுகாவுக்கு அப்பால், மழைக்கு முந்திய ஒரு காலை.
ஏழு பெண்கள், முழங்கால்வரை சேறு,
கையில் நாற்று முடி.
வரப்பில் நின்ற நிலக்காரரின் ஆளை
முதலாளி ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டார்.
தண்ணீரில் விழுந்த நிழலை மறந்துவிட்டார்.

வானத்துக்கு ரோஜா,
இடுப்புக் கச்சைக்குச் சிவப்பு,
நாற்றுக்குப் பச்சை, தாராளமாக.
சேற்றுக்கு ஒன்றும் வேண்டாம் என்று உத்தரவு.
நூற்றுப் பதினான்கு பிரதி பூசியாயிற்று.
மூன்றாமவளுக்கு முகமே இல்லை,
கோரைத் தொப்பி மறைத்திருக்கிறது.
அந்த மட்டில் வேலை மிச்சம்.

குளிர் தொடங்கிய ஒருநாள் பின்வாசலில் ஒருத்தி,
முதுகில் கரிமூட்டை. பெயர் ஓயோனே.
"அசையாமல் நின்றால் தலைக்கு இரண்டு காசு என்றார்.
ஒன்றுதான் வந்தது."

முதலாளி வெளியே போயிருந்தார்.
காயப்போட்ட பிரதிகளைக் காட்டினேன்.
அவள் தன்னைத் தேடவில்லை,
நாற்றைப் பார்த்தாள்.
"இந்தப் பச்சை ஏறும்வரை நாற்றங்காலில் விடுவோமா?
முற்றிப்போகாதா? யார் பூசியது?"
கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
நகக்கண்ணெல்லாம் அந்தப் பச்சை.

விலை கேட்டாள். சொன்னேன்.
"அந்த விலைக்கு நிஜச் சிவப்பிலேயே கச்சை வாங்கலாமே!"
சிரித்தபோது பல்லிலும் கரித்தூள்.

மூட்டையை மறுபடி ஏற்றும்போதுதான் சொன்னாள்:
"மூன்று மூச்சு நின்றோம் அன்று.
நடவில் யார் நிற்பது?
நின்ற இடத்தில் கால் புதைந்தது,
பிடுங்கி வைத்ததில் வரிசை கோணிப்போயிற்று.
கதிர் வந்த பிறகும் அந்தக் கோணல்
சாலையில் போகிறவன் கண்ணுக்குத் தெரிந்தது.
அதற்காக அரை நாள் கூலியைப் பிடித்துக்கொண்டான்,
இதோ இவன்."
தண்ணீரில் கிடந்த நிழலின்மேல்
விரலை வைத்தாள்.

என் மடியிலிருந்து ஒரு காசு கொடுத்தேன்.
எண்ணுவதுபோல் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து
வாங்கிக்கொண்டு போனாள்.

இப்போதெல்லாம் பச்சையில் கொஞ்சம் மஞ்சள் சேர்க்கிறேன்.
முதலாளி இரண்டு முறை திட்டிவிட்டார்.
அவள் விரல் பட்ட பிரதி
கரியோடு விற்றுப்போயிற்று.
வாங்கியவர் அதையும்
நிழல் என்றே நினைத்திருப்பார்.