கூடுதலாக ஓர் எழுத்து

ஊசிக்குழலில் வந்திருக்கிறது
ஜின்ட்ரா க்ராவ்க்லீட்டேயின் முழங்கால் நீர்.
வயது ஐம்பத்து மூன்று. டிராம் ஓட்டுநர்.

நல்ல மூட்டின் நீர் முட்டை வெண்கரு மாதிரி,
விழுமுன் நூலாய் நீண்டு தயங்கும்.
இது தயங்கவில்லை.
நீர்மோராகக் கலங்கிச்
சொட்டுச் சொட்டென்று விழுகிறது.

ரீகாவில் ஜனவரி, இரவு மூன்று மணி.
சன்னலுக்கு அப்பால்
டவ்காவா ஆறு தன் மூட்டெல்லாம் இறுகிக் கிடக்கிறது.

லென்ஸில் குனிகிறேன்.
திருவிழாக் கூட்டம்.
கரு மூன்றாய் நான்காய் மடிந்த நியூட்ரோஃபில்கள்,
இரண்டொரு நாளே ஆயுள் உள்ள பிள்ளைகள்.
எதிரி வந்தான் என்று யாரோ சொன்னதை நம்பித்
தம் மரபிழையையே உருவி
வலையாக வீசிவிட்டுச் சாகிறார்கள்.
வலையில் மீன் இல்லை.

வேலியே பயிரை மேய்ந்தது என்று
ஒரு வரியில் முடித்துவிடலாம்.
ஆனால் வேலி
தான் காவல் காத்ததாகத்தான் நினைக்கிறது.

எங்கே தொடங்கியதென்று யாருக்கும் சரியாகத் தெரியாது.
ஈறிலோ நுரையீரலிலோ
ஒரு நொதி, போகிற போக்கில்,
புரதமொன்றில் ஓர் எழுத்தைத் திருத்தியது.
ஆர்ஜினின் இருந்த இடத்தில் சிட்ருலின்.
அவ்வளவுதான்.
வாசலில் நின்ற டி செல்
பெயரை வாசித்தது. மறுபடி வாசித்தது.
நம் ஆள் இல்லை என்றது.
பி செல்கள் அந்தப் புகாரை
நகல் நகலாக எடுத்து ரத்தத்தில் விட்டன.
மூட்டு மடிப்பில் சும்மா இருந்த பெருவிழுங்கிகள்
நகலைப் படித்துவிட்டுத்
தீ மூட்டின.

அம்மா எனக்கு வைத்த பெயர் அர்காதி.
கடவுச்சீட்டில் அர்காதியிஸ்.
ஆண்பெயரென்றால் வாலில் ஒரு ‘ஸ்’ வேண்டும்,
இந்த நாட்டு இலக்கணம்.
வங்கியில் ஒருத்தி
பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்து
என் முகத்தைப் பார்த்தாள்.
நான்தான் நான் என்று காட்ட
அரை நாள் பிடித்தது.
கெட்டவள் இல்லை. தன் வேலையைச் செய்தாள்.
அதுதான் பயமாக இருந்தது.

ஜின்ட்ரா இரண்டரைக்கே எழுவாளாம்,
மருத்துவர் குறித்திருக்கிறார்:
விரல்கள் மடங்க வெந்நீரும் இரண்டு மணி நேரமும்.
முதல் டிராம் ஐந்துக்கு.
நெம்புகோலை இப்போதெல்லாம்
உள்ளங்கையின் அடியால் தள்ளுகிறாளாம்.

மருந்து வரும். தீ அடங்கும்.
ஒரே ஒரு செல் மட்டும்
அதே மூட்டில் அசையாமல் உட்கார்ந்து
எதையும் மறக்காமல் இருக்கும்.
அதற்கு மருந்து
இன்னும் யாரும் எழுதித் தரவில்லை.

அறிக்கையை நிரப்புகிறேன்.
வெள்ளணுக்கள்: இருபத்தெட்டாயிரம்.
படிகம்: இல்லை.
கிருமி: இல்லை.
இவ்வளவு கலவரம் நடந்த இடத்தில்
வெளியார் ஒருவரும் இல்லை.

கீழே கையெழுத்து. ‘ஸ்’ஸோடு.

ஐந்து மணி. வளைவில் பதினோராம் எண்
கிறீச்சிட்டுத் திரும்புகிறது.
வேறு யாரோ ஓட்டுகிறார்கள்,
கொஞ்சம் வேகமாக.