ஹாமர்ஃபெஸ்ட், சூரியன் இல்லாத வாரங்கள்

திங்கட்கிழமை மட்டும் மாத்திரையை விழுங்காமல்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகவேண்டும்.
முதலில் ரத்தம், பிறகுதான் அது.
நரம்பு தேடும் நேரத்தில் நர்ஸ் மாரித்
மீன் விலையைப் பற்றிப் பேசுவாள்.

வீட்டில் ரான்வைக் என் கீழிமையை இழுத்துப் பார்ப்பாள்.
சமையலறை விளக்கில் எல்லாமே மஞ்சள்:
சுவர், பால், அவள் விரல்.
"இதுக்குப் பகல் வெளிச்சம் வேணும்" என்பாள்.
நவம்பரில் போன பகல்
ஜனவரிக் கடைசியில்தான் திரும்பும்.

அதுவரை எண்கள்.
நாற்பது. முப்பத்தெட்டு.
ஒரு வாரம் சட்டென்று இருநூற்றுப் பத்து.
ஈரக்குலை நடுங்கிப்போயிற்று.
நடுங்கியது நானா,
ஓஸ்லோவில் எனக்குள் வந்து படுத்த
பெயர் தெரியாத அந்த ஆளா?

மருந்தைக் கூட்டினார்கள்.
எண் இறங்கியது,
மனமில்லாமல் மாடிப்படி இறங்கும் பிள்ளையைப் போல.

இன்று பதினொன்றரைக்குப் பிறகு
மலை விளிம்பில் ஒரு கீற்று.
பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு
ரான்வைக் என்னை ஜன்னலுக்கு இழுத்தாள்.
இமையைப் பிரித்தாள்.
ரொம்ப நேரம் பார்த்தாள்.
சோப்புத் தண்ணீர் கண்ணில் எரிந்தது.

"வெள்ளை" என்றாள்.
பிறகு, "கொஞ்சம் சிவப்பு.
அது என் தப்பு."