மூன்றாவது குப்பி

பெதஸ்தா நகரில் நாற்பத்தொரு வீடு,
ஒரு கிணறு, ஒரு மேல்தொட்டி,
ஒரு மோட்டார். அதன் சாவி என் இடுப்பில்.
காலை அஞ்சேகாலுக்கு சுவிட்சைத் தட்டுவேன்.
றப்பர் வெட்டுகிறவர்களின் நெற்றி விளக்குகள்
தோட்டத்துக்குள் மரம் மரமாக நின்று நகரும்.
குழாய் முதலில் இருமும். பிறகு துப்பும்.
அதன் பிறகுதான் வெள்ளம்.

வெள்ளம் என்றுதான் இங்கே சொல்வோம்.
திருச்சியிலிருந்து வந்த பம்பு மெக்கானிக்
"வெள்ளம் வந்துட்டா?" என்று யாரோ கத்தியதும்
பையைத் தூக்கிக்கொண்டு மேட்டைத் தேடினான்.

ஆனி மழை விட்ட வாரம்
கடைசித் தெருவில் ஏழு பிள்ளைகளுக்கு வயிற்றாலே போனது.
கருங்கல் ஆஸ்பத்திரி டோக்கன் வரிசையில்
முன்னும் பின்னும் எங்கள் ஆட்களே.
சாளை மீன்தான் என்றாள் டெய்சிபாய்.
கோயில் அசனத்துச் சாம்பார் என்றாள் மேரியற்புதம்.
கிணற்றை யாரும் சொல்லவில்லை.
கிணறு என்றால் நான் என்று அர்த்தம்.

ஊராட்சியிலிருந்து ஒரு பிள்ளை வந்து
மூன்று குப்பி தந்துபோனாள்.
கழுத்துவரை நிரப்பணும், விரல் உள்ளே படக்கூடாது,
இருட்டில் வைத்து ரெண்டு நாள் பொறுக்கணும்.
கறுத்தால் ஆகாது.

ஒன்று கிணற்றில். ஒன்று தொட்டியில்.
ஒன்று கடைசித் தெரு, செல்வின்ராஜ் வீட்டு முற்றத்தில்.
எண் போட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.
ராத்திரி ரெண்டு தடவை எழும்பிப் பார்த்தேன்,
அடைவைத்த கோழியைப் பார்ப்பதுபோல.

விடிந்தபோது மூன்றும் தெளிவு.
எனக்குச் சிரிப்புகூட வந்தது.
வெள்ளம் நாறுது என்று ஏச்சு வாங்கிக்கொண்டே
பிளீச்சிங் பவுடரை அளந்து அளந்து போட்ட கை இது.
சாயங்காலம் மூன்றாவது குப்பி
கட்டன்காப்பி நிறத்துக்கு வந்தது.
படுக்கப் போகும்போது கரி.

அப்படியென்றால் கிணற்றில் இல்லை,
தொட்டியில் இல்லை.
வழியில்.

எழுநூறு அடி பிளாஸ்டிக் பைப்பு.
கடைசிக் குழாயிலிருந்து தொட்டியை நோக்கி
தோண்டிக்கொண்டே வந்தோம், நானும் அருமைநாயகமும்.
ஓடைக்கு அடியில், குற்றமில்லை.
ஞானசிகாமணி வீட்டுத் தென்னை வேரருகே, குற்றமில்லை.
பிறகு ஒரு மதில். வெளிர்பச்சை,
ஓமான் பணத்தில் அடித்த பெயின்ட்.
மதிலுக்கு உள்ளே, போன மாசியில் கட்டிய
இரண்டாவது கக்கூசின் குழி.
பைப்பு அதன் தோளை உரசிக்கொண்டு போகிறது.
வாசல் எண் பதினெட்டு.
என் வீடு.

ஜாயின்டில் ஈரம். விரலால் தொட்டேன்.
முகர வேண்டியதில்லை. முகர்ந்தேன்.

காலை ஏழுக்கு வால்வை அடைப்பதும் நான்தான்.
அடைத்ததும் பைப்பு காலியாகும்,
காலியான பைப்பு மூச்சை உள்ளே இழுக்கும்,
பக்கத்தில் என்ன கிடக்கிறதோ அதை.
என் வீட்டுக் குழாய் அந்த ஜாயின்டுக்கு முந்தியது.
என் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

அருமைநாயகம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு
றோட்டைப் பார்த்தான். நல்லவன்.
"அக்கா, ஓடைக்கிட்ட ஒடஞ்சு கெடந்துன்னு எழுதிருவமா?"

பெதஸ்தா குளத்தைத் தூதன் வந்து கலக்குவான்,
முதலில் இறங்கினவன் சொஸ்தமாவான் என்று
ஓய்வுநாள் பள்ளியில் ஒப்பித்திருக்கிறேன்.
இரண்டாவதாக இறங்கினவனைப் பற்றி
டீச்சரிடம் கேட்டதில்லை.

மோட்டார் அறைச் சுவரில் சாக்பீஸால் எழுதினேன்.
'குடிக்கக் கூடாது.'
காரணம்: வீட்டு எண் 18, கக்கூஸ் குழி.
எட்டில் கை நடுங்கி அது மூன்றுபோல விழுந்தது.
பதிமூன்று, ஞானசிகாமணி வீடு.
அழித்துவிட்டு மறுபடி எட்டு போட்டேன்.

செல்வின்ராஜின் பெண்டாட்டி சுனிதா
சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து வாசித்தாள்.
ரெண்டு முறை வாசித்தாள்.
சாவியைக் கழற்றி ஜன்னல் படியில் வைத்தேன்.
அவள் அதை எடுக்கவுமில்லை, ஏசவுமில்லை.
பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்:
"நாளைக்கு எத்தன மணிக்கு வெள்ளம் விடுவிய?"